ஒரே தாய்ச்செடி, ஐந்து தொட்டி, ஒரு குளிர்காலம்: செம்பருத்தி பிழைத்ததும் செத்ததும் எதனால்?

போன குளிர்காலத்தில் என்னிடம் ஐந்து செம்பருத்தித் தொட்டிகள் இருந்தன. வசந்தம் வந்தபோது நான்கு உயிரோடு இருந்தன. செத்துப்போனது உறைபனியில் மாட்டிய செடியாகத்தான் இருக்கும் என்று யாரும் நினைப்பார்கள். உண்மையில் அது வீட்டுக்குள், பனியே படாத இடத்தில், வாரம் தவறாமல் நான் தண்ணீர் ஊற்றிவந்த செடி. உறைபனியில் கருகி, குப்பைக்குப் போகவிருந்த செடியோ ஆகஸ்ட் கடைசியில் பூத்தது.

நோட்டில் எழுதிவைத்த குறிப்புகளைத் திரும்பத் திரும்பப் படித்த பிறகு எனக்குப் பிடிபட்டது இதுதான்: செம்பருத்திக்கு வெப்பம், வெளிச்சம், தண்ணீர் மூன்றும் சேர்ந்தே ஏற வேண்டும், சேர்ந்தே இறங்க வேண்டும். ஒன்று இறங்கியபின் இன்னொன்றைப் பழையபடியே கொடுத்துக்கொண்டிருந்தால் செடி அந்த இடைவெளியில் மாட்டிக்கொள்கிறது. கடுங்குளிர் ஒரே இரவில் செய்யும் சேதம் கண்ணுக்குத் தெரியும். இந்த இடைவெளி செய்யும் சேதம் வெளியே தெரிய இரண்டு மாதம் ஆகும்.

ஐந்தும் ஒரே தாய்ச்செடியிலிருந்து எடுத்த துண்டுகளில் வளர்ந்தவை. ஐந்து இதழ் ஒற்றைச் சிவப்பு. வயது மூன்று, உயரம் ஏறத்தாழ 90 செ.மீ., எல்லாம் 30 செ.மீ. வாய் அகலமுள்ள தொட்டிகள், ஒரே மண்கலவை. அடையாளத்துக்குத் தொட்டி மேல் சாக்கட்டியால் 1 முதல் 5 வரை எண் எழுதியிருந்தேன். கீழே வரும் மாதங்கள் வட அரைக்கோளத்துக் கணக்கு. தென் அரைக்கோளத்தில் இருப்பவர்கள் ஆறு மாதம் தள்ளிப் படித்துக்கொள்ளுங்கள்.

உங்களுடையது எந்தச் செம்பருத்தி?

இதைப் பார்க்காமல் எந்த யோசனையையும் பின்பற்றக் கூடாது. என் செடி ஹைபிஸ்கஸ் ரோசா-சினென்சிஸ். தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-ல் பெயர் வைத்த இனம். பளபளவென்ற கரும்பச்சை இலை, வருடம் முழுக்க இலையோடு நிற்கும் வெப்பமண்டலச் செடி. இலையைக் கொட்டிவிட்டுக் குளிர்காலத்தைத் தூங்கிக் கழிக்கும் பழக்கம் இதற்குப் பிறவியிலேயே கிடையாது.

ஹைபிஸ்கஸ் சிரியாகஸ் வேறு ரகம். இலை சிறியது, பளபளப்பு இருக்காது, ஓரத்தில் மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். பெயரில் சிரியா இருந்தாலும் பூர்வீகம் சீனா. குளிர் வந்ததும் இலை மொத்தத்தையும் உதிர்த்துவிட்டு, மைனஸ் 20 டிகிரி செல்சியஸிலும் தோட்டத்தில் அசையாமல் நிற்கும். வட அமெரிக்கச் சதுப்பு நிலங்களைச் சேர்ந்த ஹைபிஸ்கஸ் மாஸ்கியூட்டஸ் இன்னொரு ரகம். சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பூ பூக்கும். குளிரில் தண்டு முழுவதும் காய்ந்து தரையோடு போய்விடும். வசந்தம் நன்றாக முற்றிய பிறகு, மற்ற செடிகளெல்லாம் துளிர்த்து முடித்தபின், வேரிலிருந்து மெதுவாகக் கிளம்பும். இந்த இரண்டையும் பரிதாபப்பட்டு வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அவற்றுக்குக் குளிர்கால ஓய்வு தேவை. சூடான அறையில் வைத்தால் அந்த ஓய்வு கெட்டு, செடி நலிந்துவிடும். இனி எழுதப்போவதெல்லாம் ரோசா-சினென்சிஸுக்கு மட்டும்.

வெளியே மாட்டிய இரண்டு தொட்டிகள்

இரவு வெப்பநிலை 12 டிகிரிக்குக் கீழே போகத் தொடங்கியதும் உள்ளே எடுத்துவிட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். 10 டிகிரிக்குக் கீழே இந்தச் செடியின் வளர்ச்சி கிட்டத்தட்ட நின்றுவிடும். அக்டோபர் இரண்டாவது வாரம் 1, 2, 3 மூன்றும் உள்ளே போய்விட்டன. 4, 5 இரண்டையும் எங்கே வைப்பது என்று முடிவாகவில்லை. 'இன்னும் ஒரு வாரம் தாங்கும்' என்று விட்டுவைத்தேன். ஒரு வாரம் மூன்று வாரமானது.

நவம்பர் முதல் வாரத்தில் ஓர் இரவு. குறைந்தபட்சம் 3 டிகிரி என்று வானிலை அறிவிப்பு. 3 டிகிரிதானே, உறையாது என்று நினைத்தேன். இருந்தாலும் மனசு கேட்காமல், பழைய பருத்திப் போர்வை ஒன்றை 4-ம் தொட்டி மேல் தரைவரைக்கும் தொங்கும்படி போர்த்தினேன். இரண்டாவது போர்வை கிடைக்கவில்லை. 5-ம் தொட்டிக்கு ஒரு பாலிதீன் விரிப்பைத் தலையோடு சுற்றி, காற்றில் பறக்காமலிருக்க அடித்தண்டோடு சேர்த்துக் கயிறு கட்டினேன்.

வானத்தில் மேகமே இல்லை, காற்றும் இல்லை. இதுதான் நான் கவனிக்கத் தவறியது. அறிவிப்பில் சொல்லும் வெப்பநிலை தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் காற்றின் வெப்பநிலை. தெளிவான இரவில் இலையும் புல்லும் தங்கள் வெப்பத்தை நேரே வானத்துக்கு இழந்துகொண்டே இருக்கும். இலையின் மேற்பரப்பு சுற்றியுள்ள காற்றைவிடச் சில டிகிரி கீழே போய்விடும். மேகம் இருந்தால் கொஞ்சம் வெப்பத்தைத் திருப்பித் தரும். காற்று வீசினால் மேலே இருக்கும் வெதுவெதுப்பான காற்று கீழே கலக்கும். அன்று இரண்டுமே இல்லை. காலையில் கூரை ஓரத்தில் மாட்டியிருந்த தெர்மாமீட்டர் 2 டிகிரி காட்டியது. தொட்டி விளிம்பில் கிடந்த சின்ன தெர்மாமீட்டர் மைனஸ் 1. புல் முழுக்க வெள்ளை.

போர்வையை எடுத்தேன். 4-ம் தொட்டியில் உச்சியில் போர்வை அழுந்திய இடத்தில் ஏழெட்டு இலை மட்டும் வாடியிருந்தது, மற்றபடி செடி முழுசாக இருந்தது. பாலிதீனை அவிழ்த்தபோது 5-ம் செடியின் இலைகள் வேகவைத்ததுபோல இருந்தன. கரும்பச்சை, கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் இலைகள், பாலிதீனோடு ஒட்டிக்கொண்டு உரிந்து வந்தன. வெயில் ஏறியதும் ஒவ்வொன்றாகக் கறுத்தன. நண்பகலுக்குள் மேல்பாதி முழுவதும் கறுப்பு.

துணி எப்படிக் காப்பாற்றியது, பாலிதீன் ஏன் கைவிட்டது? பகலில் தரை வாங்கிவைத்த வெப்பம் இரவில் மேலே எழும்பி வரும். தரைவரை தொங்கும் துணி அந்த வெப்பத்தைக் கூடாரம்போலப் பிடித்துவைக்கும், ஓரிரண்டு டிகிரி வித்தியாசம் கிடைக்கும். நான் பாலிதீனை அடித்தண்டில் கட்டியதால் தரையின் வெப்பம் உள்ளே வர வழியே இல்லாமல் போனது. போதாததற்கு, மெல்லிய பாலிதீன் வெப்பக் கதிர்களை ஏறக்குறைய அப்படியே வெளியே விட்டுவிடும். அது இலையைத் தொட்ட இடமெல்லாம் வெளிக் குளிர் நேரே இலைக்குள் இறங்கியது. பாலிதீன்தான் கையில் இருக்கிறதென்றால் நான்கு குச்சி நட்டு, இலையைத் தொடாமல், தரைவரை விட்டு, காலையில் உடனே எடுத்துவிட வேண்டும். துணி கிடைத்தால் அந்தச் சிரமமே வேண்டாம்.

இலைக்குள் நடப்பது இரண்டு வெவ்வேறு காரியங்கள். பூஜ்யத்துக்கு மேலே, 10 டிகிரிக்குக் கீழே இருக்கும் குளிரில் பனிக்கட்டி உருவாவதில்லை. செல்லைச் சுற்றியுள்ள சவ்வின் கொழுப்பு விறைத்துப்போய், உள்ளே இருக்க வேண்டிய உப்புகள் கசியத் தொடங்குகின்றன. இது நாள்கணக்கில் சேரும் சேதம். இலை மஞ்சளாகும், மொட்டு கொட்டும். உறைபனியின் வேலை வேறு மாதிரி. செல்களுக்கு இடையே இருக்கும் நீர் பனிக்கட்டியாகி, செல்லுக்குள் இருக்கும் நீரை உறிஞ்சி இழுக்கிறது. செல் வற்றிச் சுருங்கி, சவ்வு கிழிந்துவிடுகிறது. உருகும்போது எல்லாம் வெளியே வழிகிறது. அந்த வேகவைத்த தோற்றம் அதனால்தான்.

இரண்டு தொட்டிகளையும் அன்றைக்கே மாடிப்படித் திருப்பத்துக்குக் கொண்டுபோனோம். என் தம்பிதான் தூக்கினான்.

"அக்கா, அஞ்சாம் நம்பர் போயிடுச்சு. தொட்டியையாவது கழுவி வெச்சுக்கலாம்" என்றான்.

"இருக்கட்டும்டா. வேர்ல என்ன இருக்குன்னு இப்ப தெரியாது" என்றேன். அப்போது அது நம்பிக்கையில் சொன்னதுதான். ஆனாலும் சரியான முடிவு. கருகிய கிளைகளை உடனே வெட்டவும் இல்லை. உறைபனிக்குப் பிறகு எதுவரை உயிர் இருக்கிறது, எங்கே செத்தது என்ற எல்லை உடனே தெரியாது. அவசரப்பட்டு வெட்டினால் உயிருள்ள கட்டையையும் சேர்த்து வெட்டுவோம், அல்லது நடுக்குளிரில் துளிர்க்கச் சொல்லிச் செடியைத் தூண்டிவிடுவோம்.

இலை எப்படிப் போகிறது என்று பாருங்கள்

இந்தக் குளிர்காலத்தில் நான் கற்றதில் மிகவும் பயன்பட்டது இது. ஐந்து செடியும் இலை இழந்தன. ஆனால் இழந்த விதம் மூன்று.

1-ம், 2-ம் செடிகளின் இலை அடியிலிருந்து பழுத்து, விரல் பட்டதும் கழன்று விழுந்தது. காம்பு இருந்த இடத்தில் சுத்தமான, உலர்ந்த வடு. இது செடி தானாகச் செய்யும் வேலை. வெளிச்சம் குறைந்ததும் பழைய இலைகளைப் பராமரிப்பது நஷ்டம். அவற்றில் இருக்கும் நைட்ரஜனைத் திரும்ப எடுத்துக்கொண்டு, காம்படியில் ஒரு பிரிவு அடுக்கு அமைத்து, இலையை விடுவிக்கிறது. அந்த அடுக்கை அமைக்க உயிருள்ள செல்கள் வேண்டும். உள்ளே கொண்டுவந்த முதல் மூன்று வாரத்தில் பாதி இலை இப்படி விழுந்தாலும் பயப்பட வேண்டியதில்லை.

5-ம் செடியின் கருகிய இலைகள் விழவே இல்லை. மாதக்கணக்கில் காய்ந்த காகிதம்போலக் கிளையிலேயே தொங்கின. இலையை விடுவிக்கும் வேலையைச் செய்ய அங்கே உயிருள்ள செல் மிச்சமில்லை. உலுக்கினாலும் விழாத இலை, அந்த இலை செத்துப்போனது என்பதற்கு அடையாளம். ஆனால் கீழ்ப்பகுதியில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், இரண்டு இலைகள் மட்டும் டிசம்பரில் மஞ்சளாகி விழுந்தன. அதைப் பார்த்தபோதுதான் இந்தச் செடி பிழைக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. இலை விழுந்ததற்காகச் சந்தோஷப்பட்டது அந்த ஒரு முறைதான்.

மூன்றாவது விதம் 3-ம் செடியில் நடந்தது. இலை பச்சையாகவே இருந்து, சோர்ந்து தொங்கியது. மண்ணைத் தொட்டால் ஈரம். ஈர மண்ணில் நிற்கும் செடி தாகத்தில் வாடுவதுபோல வாடினால், வேர் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். நான் அப்போது அதைப் படிக்கத் தவறி, இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினேன்.

3-ம் தொட்டி

அது நிலவறையில் இருந்தது. 8, 9 டிகிரி, கைப்பிடி அளவு சன்னல், ஏறத்தாழ இருட்டு. இந்த மாதிரி இடத்தில் செம்பருத்தியை அரைத்தூக்கத்தில் வைத்திருப்பது முடியாத காரியமில்லை. 10 முதல் 13 டிகிரி இருந்தால் பலர் செய்கிறார்கள். இலை கொட்டிவிடும், தண்டு பச்சையாக இருக்கும், மண் முழுசாக வறண்டு சுருங்காத அளவுக்கு மாதத்துக்கு ஒருமுறை கொஞ்சம் தண்ணீர், அவ்வளவுதான். என் நிலவறை அதைவிடக் கொஞ்சம் குளிர். அதுவே எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும்.

நான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு டம்ளர் ஊற்றினேன். மேல்மண்ணை விரலால் தொட்டுப் பார்ப்பேன், காய்ந்திருக்கும், ஊற்றுவேன். இருட்டில், குளிரில் நிற்கும் செடி தண்ணீரை அவ்வளவாக மேலே இழுக்காது. 8 டிகிரியில் மண்ணிலிருந்து ஆவியாவதும் சொற்பம். ஊற்றியதெல்லாம் கீழே இறங்கித் தங்கியது. தொட்டிக்கு அடியில் தட்டு வேறு வைத்திருந்தேன், அதில் தேங்கியதும் திரும்ப மண்ணுக்குள் ஏறியது.

பிப்ரவரியில் அடித்தண்டு கறுத்து மெத்தென்று ஆனபின் தொட்டியைக் கவிழ்த்தேன். மண் ஒரு கட்டியாகக் கழன்று வந்தது. மேலே நான்கு விரல்கடை பொடிமண். அதற்குக் கீழே ஈரம். கடைசி மூன்றில் ஒரு பங்கு சேறு, சாக்கடை வாடை. ஆரோக்கியமான வேர் வெளுப்பாக, நறுக்கென்று ஒடியும்படி இருக்கும். இது பழுப்பு. ஒரு வேரை விரலிடுக்கில் பிடித்து இழுத்தேன். மேல்தோல் உறைபோல வழுக்கிக்கொண்டு என் விரலோடு வந்துவிட்டது. உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் மிஞ்சி நின்றது. வேர் அழுகலுக்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. பித்தியம், பைட்டோப்தோரா போன்ற நீர்ப்பூஞ்சை வகைகள் காற்றில்லாத ஈர மண்ணில் வேரைத் தின்னும்போது இப்படித்தான் ஆகும். மண்ணில் காற்று இல்லை, வேர் குளிரில் விறைத்துக் கிடக்கிறது, புது வேர் விட்டு ஈடுகட்டவும் சக்தியில்லை. உறைபனி 5-ம் செடியின் மேல்பகுதியைத்தான் எடுத்தது. நான் ஊற்றிய தண்ணீர் 3-ம் செடியின் அடியையே எடுத்துவிட்டது.

விரலால் மேல்மண்ணைத் தொட்டுப் பார்ப்பது கோடையில் சரி. குளிர்காலத்தில் அது ஏமாற்றும். தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். நன்றாகத் தண்ணீர் ஊற்றி வடிந்தபின் ஒருமுறை தூக்கி, அந்தப் பாரத்தைக் கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாரம் பாதியாகக் குறைந்ததாகத் தோன்றும்வரை பொறுங்கள். தூக்க முடியாத பெரிய தொட்டி என்றால், சீவாத மூங்கில் குச்சி ஒன்றை அடிவரை செருகி, பத்து நிமிடம் கழித்து உருவிப் பார்த்தால் அடிமண் ஈரம் தெரியும்.

சூடான அறையும் குளிர்ந்த படிக்கட்டும்

1-ம் தொட்டிக்குத்தான் ராஜமரியாதை. வரவேற்பறை, தெற்குப் பார்த்த சன்னல், ஹீட்டர் ஓடும் 21 டிகிரி. நவம்பர் முழுக்க அது துளிர்த்துக்கொண்டே இருந்தது, பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் அந்தத் துளிர்கள் கணுவுக்குக் கணு இரண்டு மடங்கு இடைவெளியோடு, வெளிறி, சன்னல் பக்கம் வளைந்து நீண்டன. வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் செடியின் சுவாசம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். செலவு இரட்டிப்பு. வரவு வெளிச்சத்தில்தான் இருக்கிறது, குளிர்காலச் சன்னலில் வெளிச்சம் எங்கே? கண்ணாடியை ஒட்டியிருக்கும் வெளிச்சம் ஒன்றரை மீட்டர் உள்ளே வந்தால் சிறு பங்காகிவிடும். நம் கண் அதற்கேற்பப் பழகிக்கொள்வதால் நமக்குத் தெரிவதில்லை. சேமிப்பைச் செலவழித்துத்தான் அந்தச் செடி துளிர்த்தது.

ஜனவரியில் செஞ்சிலந்தி வந்தது. இலையில் ஊசியால் குத்தியதுபோலப் பொடிப்பொடியாக வெளிர்ப் புள்ளி, இலையடியில் மெல்லிய நூலாம்படை. வெள்ளைத்தாள் ஒன்றைப் பிடித்து, அதன் மேல் இலையைத் தட்டினேன். தூசிபோல விழுந்தது. ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தால் தூசி நடக்கிறது. விரலால் தேய்த்தால் செம்பழுப்புக் கோடு.

ஹீட்டர் ஓடும் அறையில் காற்றின் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே போகும். அந்த வறட்சியும் வெப்பமும் இந்தப் பூச்சிக்கு மிகவும் பிடித்த நிலை. முட்டையிலிருந்து ஏறத்தாழ இரண்டு வாரத்தில் அடுத்த தலைமுறை தயாராகிவிடும். தினமும் இலைமேல் தண்ணீர் தெளித்தால் போதும் என்பார்கள். தெளித்த ஈரம் சில நிமிடத்தில் போய்விடும். எனக்குப் பலன் தந்தது குளியலறைக் குளியல்தான். தொட்டி வாயைப் பையால் மூடிக் கட்டி, செடியைச் சாய்த்து, ஷவரில் இலையடியை ஒவ்வொன்றாகக் கழுவினேன். அப்புறம் பூச்சிக்கென்றே விற்கும் சோப்புக் கரைசலை இலையடி நனைய அடித்தேன். சோப்பு முட்டையைக் கொல்லாது. ஆகவே ஐந்து நாளுக்கு ஒருமுறை, நான்கு தடவை. மூன்றாவது தடவையோடு பூச்சி கண்ணுக்குத் தெரியவில்லை, அங்கேதான் பலர் நிறுத்திவிடுவார்கள். நான்காவதையும் அடித்துவிடுங்கள்.

இது உள்ளே வரும்போதே கூட வந்த பூச்சி. 2-ஐயும் 3-ஐயும் இலையடி கழுவி, தனியாக இரண்டு வாரம் வைத்திருந்து உள்ளே எடுத்தேன். 1-ம் செடி சுத்தமாகத் தெரிந்ததால் அந்த வேலையைத் தவிர்த்தேன். இருபது நிமிட வேலை. அதற்குப் பதில் ஜனவரியின் பாதி போனது.

பிறகு 1-ம் செடிக்கு எல்.இ.டி. வளர்ப்பு விளக்கு ஒன்றை உச்சியிலிருந்து 30 செ.மீ. மேலே, தினமும் 13 மணி நேரம் எரியும்படி மாட்டினேன். அதற்குப் பின் வந்த இலைகள் நெருக்கமாக, அடர்பச்சையாக வந்தன. சூடான அறை மட்டும்தான் இருக்கிறது என்பவர்கள் விளக்கை அக்டோபரிலேயே மாட்டிவிடுவது நல்லது. இன்னொன்று: செம்பருத்தி மொட்டுக்கு எத்திலீன் வாயு (பழுக்கும் பழமும் எரியும் எரிவாயுவும் வெளிவிடுவது) ஆகாது. பழக்கூடைக்குப் பக்கத்திலோ, புகைபோக்கி இல்லாத எரிவாயு ஹீட்டருக்குப் பக்கத்திலோ வைத்தால் மொட்டு மளமளவென்று கொட்டும்.

2-ம் தொட்டி பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, அதுவே அதன் பெருமை. மாடிப்படித் திருப்பம், மேற்கே பெரிய சன்னல், ஹீட்டர் கிடையாது, 11 முதல் 13 டிகிரி. தரைக் கல் சில்லென்று இருந்ததால் தொட்டிக்கு அடியில் மரப்பலகை வைத்தேன். இலை கண்ணாடியைத் தொடாதபடி ஒரு கை தள்ளி வைத்தேன். பாரம் பார்த்து, 16 அல்லது 18 நாளுக்கு ஒருமுறை, அறை வெப்பத்தில் இருந்த தண்ணீர். உரம் செப்டம்பரோடு நிறுத்தியது. மூன்றில் ஒரு பங்கு இலை பழுத்து விழுந்தது, மீதி நின்றது. வரும்போதே இருந்த ஒரு மொட்டு நவம்பர் நடுவில் முக்கால்வாசி விரிந்தது. கோடையில் மாலைக்குள் சுருண்டுவிடும் பூ, அந்தக் குளிரில் மறுநாளும் அப்படியே நின்றது. பிப்ரவரிவரை ஒரு துளிர்கூட விடவில்லை, ஒரு பூச்சியும் வரவில்லை. வெப்பம், வெளிச்சம், தண்ணீர் மூன்றும் தாழ்ந்து, ஒன்றுக்கொன்று பொருந்தி இருந்த ஒரே இடம் அதுதான்.

வசந்தம்

பிப்ரவரி கடைசியில் 1, 2, 4 மூன்றையும் கவாத்து செய்தேன். மூன்றில் ஒரு பங்கு, வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குச் சற்று மேலே. செம்பருத்தி புதுக் கிளையில்தான் பூக்கும். ஆகவே வெட்டு எவ்வளவு தாமதமோ பூவும் அவ்வளவு தாமதம். இதை இலையுதிர் காலத்தில் செய்யாததற்குக் காரணம் உண்டு. தண்டில்தான் குளிர்கால மாவுச்சத்து சேமிப்பு இருக்கிறது, தவிர வெட்டினால் வெளிச்சமில்லாத காலத்தில் துளிர்க்கத் தொடங்கிவிடும். 1-ம் செடியின் நீண்டு வெளிறிய துளிர்களை இரக்கம் பார்க்காமல் முழுசாக எடுத்தேன்.

5-ம் செடியில் நகத்தால் தோலைச் சுரண்டிப் பார்த்துக்கொண்டே கீழே வந்தேன். உச்சியில் பழுப்பு, பாதியில் பழுப்பு, தரையிலிருந்து 20 செ.மீ. உயரத்தில் பச்சை. அந்த எல்லைக்கு ஒரு விரற்கடை கீழே வெட்டினேன். ஏப்ரல் இரண்டாவது வாரம் அடிக்கணு ஒன்றில் அரிசி அளவுக்கு ஒரு முளை. சொந்த வேரில் நிற்கும் செடி என்பதால் எங்கிருந்து துளிர்த்தாலும் அதே ரகம்தான். உங்களுடையது ஒட்டுக்கட்டிய செடி என்றால், ஒட்டுக்குக் கீழிருந்து வரும் துளிர் அடிச்செடியின் ரகமாக இருக்கும். நம்பி வளர்த்தால் வேறு பூ வரும்.

மார்ச்சில் 2-ம் செடியின் புது இலைகள் நரம்பு பச்சை, இடையே மஞ்சள் என்று வந்தன. மண் இன்னும் குளிர்ந்திருக்கும்போது வேரால் இரும்புச்சத்தை எடுக்க முடியாது. உடனே இரும்பு உரத்தைக் கொட்டத் தேவையில்லை. தொட்டியை இளஞ்சூடான இடத்துக்கு மாற்றியதும் அடுத்த இலைகள் சரியாக வந்தன. உரம், நான்கைந்து புது இலை விரிந்தபிறகு, பாஸ்பரஸ் குறைவாகவும் பொட்டாஷ் கூடுதலாகவும் உள்ளது, அளவில் பாதி. செம்பருத்திக்குப் பாஸ்பரஸ் அதிகமானால் மற்ற சத்துகளை எடுக்க விடாது. 'பூ உரம்' என்று பாஸ்பரஸ் நிறைய உள்ளதை வாங்குவது இந்தச் செடிக்கு நல்லதில்லை.

வெளியே எடுத்தது மே முதல் வாரம், இரவு 12 டிகிரிக்குக் கீழே போகாத ஒரு முழு வாரம் கடந்தபின். முதல் வாரம் நிழல், இரண்டாவது வாரம் காலை வெயில். 1-ம் செடியை ஒருநாள் மதிய வெயிலில் மறந்துவிட்டேன். விளக்கு வெளிச்சத்தில் வளர்ந்த இலைகள் மெல்லியவை, இரண்டு மணி நேரத்தில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்தது. அந்தத் திட்டுகள் கடைசிவரை மாறவில்லை, புது இலை வந்துதான் மறைந்தது.

முதல் பூ 2-ம் செடியில் மே மூன்றாவது வாரம். 4-ம் செடி ஜூன் தொடக்கம். ராஜமரியாதையில் இருந்த 1-ம் செடி ஜூன் கடைசியில்தான் பூத்தது. 5-ம் செடி கோடை முழுக்க உடம்பைத் தேற்றிக்கொண்டு ஆகஸ்ட் கடைசியில் இரண்டு பூ கொடுத்தது. தம்பி போட்டோ எடுத்து, அடியில் தேதி எழுதி, நோட்டில் ஒட்டிவைத்திருக்கிறான்.

இந்த முறை

செப்டம்பர் தொடக்கத்திலேயே ஆறு துண்டுகள் எடுத்தேன். 10, 12 செ.மீ. நீளம், பாதி முற்றிய தண்டு, மேலே இரண்டு இலை மட்டும், அதிலும் பாதியைக் கத்தரித்துவிட்டு. வேர்விடும் பொடியில் தொட்டு, ஈரப்படுத்திய பெர்லைட்டில் (மண்ணுக்குப் பதிலாகப் பயன்படும் வெள்ளை நிற இலேசான பொரிகல்) நட்டு, மேலே ஒளிபுகும் டப்பாவைக் கவிழ்த்து, 22 டிகிரியில் வைத்தேன். ஆறு வாரத்தில் நான்கு வேர்விட்டன. பெரிய செடிக்கு உள்ளே இடம் இல்லாதவர்களுக்கு இதுதான் நல்ல வழி. நான்கு குட்டித் தொட்டி ஒரு சன்னல் விளிம்பில் அடங்கிவிடும், தாய்ச்செடிக்கு என்ன ஆனாலும் ரகம் கையில் இருக்கும்.

பெரிய தொட்டி நான்கும் அக்டோபர் முதல் வாரமே படிக்கட்டுக்குப் போய்விட்டன, நான்குமே இலையடி கழுவி, இரண்டு வாரம் தனியே வைத்திருந்த பிறகு. அடியில் இருந்த தட்டுகளை எடுத்துவிட்டு, உயரம் கொடுக்க மரச்சட்டங்கள். நிலவறையில் ஒன்றும் வைக்கவில்லை. சன்னல் பக்கத்தில் எடைபார்க்கும் கருவி ஒன்று நிரந்தரமாக இருக்கிறது. கை மறந்தாலும் எண் மறக்காது.

3 என்று சாக்கட்டியில் எழுதியிருந்த தொட்டியை ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து ஊறவைத்துக் கழுவி, வெயிலில் காயவைத்து எடுத்து வைத்திருக்கிறேன். வேர்விட்ட நான்கு துண்டுகளில் ஒன்று வசந்தத்தில் அதற்குள் போகும். இப்போதைக்கு அது ஒரு சாண் உயரம், ஏழு இலை. தண்ணீர் ஊற்றிப் பத்து நாள் ஆகிறது. இன்று எடை பார்த்தேன், இன்னும் நான்கு நாள் பொறுக்கலாம்.